ஸ்மார்ட் போர்டு தருகிறோம், சம்பளம் தர மாட்டோம் என்கிறார்கள். சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) பணம் பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மிளகாய்க்காட்டு டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் மாவட்டம், முதுகுளத்தூர் பக்கம் சின்ன டிரஸ்ட் ஒன்று நடத்துகிறோம். 2017-ல் பதிவு செய்தது. நான் நடுநிலைப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னோடு இன்னும் நாலு பேர் டிரஸ்டிகள், எல்லோரும் உள்ளூர்.

ஆறு ஊரில் மாலை நேரப் படிப்பு மையம் நடக்கிறது. மையம் என்றதும் கட்டடத்தை நினைக்க வேண்டாம். இரண்டு ஊரில் சத்துணவுக்கூடத் திண்ணை, ஒரு ஊரில் காளியம்மன் கோவில் மண்டபம், இன்னொன்றில் சர்ச் வராண்டா, மிச்சம் இரண்டும் வீட்டு வாசல். மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை கிட்டத்தட்ட 150 பிள்ளைகள் வருகிறார்கள். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிற வீடுகள் பாதி, மிளகாய்க்காட்டு வேலைக்குப் போகிற வீடுகள் பாதி. மாசி, பங்குனியில் பழம் எடுக்கும்போது பிள்ளைகளும் கூடவே போய்விடும். பள்ளிக்கூடத்தில் விட்ட பாடத்தை சாயந்திரம் எங்கள் அக்காக்கள்தான் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

அந்த அக்காக்களைப் பற்றித்தான் கேள்வியே. ஊருக்கு ஒருத்தி, அதே ஊர்ப் பெண், பிளஸ் டூவோ டிகிரியோ முடித்தவள். மாதம் 2,000 ரூபாய்தான் கொடுக்க முடிகிறது. போன வருஷம் ஒருத்தி திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டாள். இன்னொருத்தி ராமநாதபுரத்தில் ஜவுளிக்கடைக்கு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இப்போது சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். ஆட்கள் வந்து பார்த்தார்கள். (பெயர் வேண்டாம்.) பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்கள், பிடித்துப்போய்விட்டது என்றார்கள். 8 லட்சம் தருகிறோம், மூன்று மையத்துக்கு ஸ்மார்ட் போர்டு, யூபிஎஸ், முப்பது டேப்லெட் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அதற்குப் பதில் அக்காக்களின் சம்பளத்தை உயர்த்தித் தர முடியுமா என்று கேட்டேன். "சம்பளம் எங்கள் பாலிசியிலேயே இல்லை மேடம். நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாதென்று சட்டமே சொல்கிறது" என்று பதில் வந்தது.

காளியம்மன் மண்டபத்தில் சுவரே கிடையாது, நாலு தூண்தான். போர்டை எதில் மாட்டுவது?

அந்த 5 சதவீதம் உண்மையா? வருகிற பணத்தை வாங்கிக்கொள்வதா, வேண்டாம் என்று சொல்லிவிடுவதா? எங்களை மாதிரிச் சின்ன டிரஸ்டுக்குச் சம்பளம் தருகிற அறக்கட்டளைகள் இருக்கின்றனவா? பட்டவர்கள் யாராவது எழுதினால் உதவியாக இருக்கும்.

---

ஆடிட்டர் ஆபீஸ் பையன் எழுதியது:

வணக்கம் மேடம். சம்பள விஷயம் பெரியவங்க சொல்லட்டும், நான் பேப்பர் பக்கம் மட்டும் சொல்றேன். இது சரியா இல்லன்னா யார்கிட்ட பேசியும் பிரயோஜனம் இல்ல.

12ஏ (டிரஸ்டுக்கு வருமான வரி விலக்கு), 80ஜி (நன்கொடை கொடுக்கறவருக்கு வரிச்சலுகை) ரெண்டும் இருக்கா, எப்போ காலாவதி ஆகுதுன்னு முதல்ல பாருங்க. 2021-க்கு முன்னாடி வாங்கின பழைய நிரந்தரச் சான்றிதழ் இப்ப செல்லாது, எல்லாரும் திரும்பப் பதிவு பண்ணணும்னு ஆயிடுச்சு. நிறைய கிராமத்து டிரஸ்ட் இதை விட்டுட்டு, கம்பெனி கேக்கும்போதுதான் முழிக்குது. அடுத்து நிதி ஆயோக்கோட தர்பன் எண், அது தொண்டு அமைப்புகளைப் பதிவு பண்ற தளம். அப்புறம் சி.எஸ்.ஆர்.-1 படிவம், 2021 ஏப்ரல்ல இருந்து இது கட்டாயம். உங்க டிரஸ்டிகள்ல ஒருத்தரோட டிஜிட்டல் கையெழுத்து வேணும், ஒரு சி.ஏ. சான்று கொடுக்கணும். ரெண்டும் இருந்தா ஆன்லைன்லயே முடிஞ்சுடும். இந்த எண் இல்லாம எந்தக் கம்பெனியும் உங்களுக்குச் சி.எஸ்.ஆர். கணக்குல பணம் போட முடியாது.

மூணு வருஷம் இதே மாதிரி வேலை செஞ்ச அனுபவமும் கேப்பாங்க. நீங்க 2017, பிரச்சனை இல்ல. மூணு வருஷத்து ஆடிட் ரிப்போர்ட்டை ஒரே ஃபைல்ல போட்டு வெச்சுக்கோங்க.

ரொக்கத்துல கை வைக்காதீங்க. ஒருத்தருக்கு ஒரே நாள்ல 10,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா அது டிரஸ்டோட செலவா வருமான வரியில ஏத்துக்க மாட்டாங்க. அக்காக்களுக்குக் கொடுக்கறது சின்னத் தொகையா இருந்தாலும் பேங்க்லயே போடுங்க. நாளைக்கு யார் வந்து கேட்டாலும் பாஸ்புக்கைக் காட்டிடலாம்.

---

பழைய கிராண்ட் ஆபீசர் எழுதியது:

டீச்சர், முதலில் ஒரு குடும்ப அறக்கட்டளையிலும் பிறகு ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பிரிவிலும் பணம் கொடுக்கிற பக்கம் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். உங்களிடம் சொன்னது பாதி தவறு, பாதி சாக்கு.

தவறை முதலில் முடித்துவிடுவோம். 5 சதவீத வரம்பு சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது உங்களுக்கானது இல்லை. கம்பெனி தன்னுடைய சி.எஸ்.ஆர். பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொது நிர்வாகச் செலவு, அந்த வருஷத்து மொத்தச் சி.எஸ்.ஆர். செலவில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் விதி. உங்களிடம் பேசிய அதிகாரியின் சம்பளம், அவர் வந்துபோன காரின் டீசல் மாதிரிச் சமாசாரங்களுக்குப் போட்ட கடிவாளம் அது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகிற செலவு அதில் சேராது என்று விதியே பிரித்துச் சொல்கிறது. கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் 25-ல் கேள்வி-பதிலாக ஒரு சுற்றறிக்கை விட்டது. களத்தில் வேலை செய்கிற அமைப்பின் செலவு கம்பெனியின் நிர்வாகச் செலவு ஆகாது என்று அதிலும் இருக்கிறது. சுற்றறிக்கை எண் 14/2021. அச்செடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டாம், "சார், இதை ஒரு தடவை உங்கள் ஃபைனான்ஸ்காரரிடம் காட்டுங்களேன்" என்று நீட்டினால் போதும்.

படிப்பு மையத்தில் பாடம் சொல்லித் தருகிற பெண்ணின் ஊதியம் எப்படி நிர்வாகச் செலவாகும்? அவள்தானே திட்டம். அவளை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திண்ணை.

இனி சாக்கு. அவர்கள் ஏன் ஸ்மார்ட் போர்டிலேயே நிற்கிறார்கள் என்பது புரிந்துவிட்டால் பேரம் சுலபம். நிறைய பேர் இதை விளம்பர ஆசை என்று மட்டும் நினைக்கிறார்கள். ஆசை உண்டு, இல்லாமல் என்ன. ஆனால் அதைவிடப் பெரிய காரணம் மார்ச் 31.

கம்பெனிச் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவு செய்தாக வேண்டும். 2014 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஆரம்பத்தில் செலவு செய்யாவிட்டால் காரணம் எழுதினால் போதும். 2021 ஜனவரியில் இருந்து அது நடக்காது. வருஷத்துக்குள் செலவழியாத பணம் ஆறு மாதத்துக்குள் அரசு குறிப்பிட்ட நிதி ஒன்றுக்குப் போய்விடும், தவறினால் அபராதம். இன்னொன்றும் கவனியுங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பணத்தைப் போட்டுவிட்டால் கம்பெனி செலவு செய்ததாக ஆகிவிடாது. நீங்கள் அதைச் செலவழித்து முடித்தால்தான் கணக்கு. பணம் சொன்ன வேலைக்குத்தான் போனது என்று கம்பெனியின் தலைமை நிதி அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது அந்த நிதி அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். பிப்ரவரி மாதம். ஸ்மார்ட் போர்டு என்றால் ஒரே பில், ஜி.எஸ்.டி. எண், டெலிவரி சலான், சுவரில் மாட்டிய படம். மார்ச் 20-க்குள் யூசி (பணம் செலவானதற்கான சான்று) கைக்கு வந்துவிடும். ஆறு பெண்களுக்குச் சம்பளம் என்றால் பன்னிரண்டு மாதம் சொட்டுச் சொட்டாகப் போகும், மார்ச்சில் முடியவே முடியாது. அவர் எதில் கையெழுத்துப் போடுவார்? உங்களைப் பார்க்க வந்தது தை, மாசியாக இருக்கும் என்று என் ஊகம். சரியா என்று சொல்லுங்கள்.

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 'தொடர் திட்டம்' என்று கம்பெனியின் இயக்குநர் குழு தீர்மானம் போட்டுவிட்டால், தொடங்கிய நிதியாண்டு போக இன்னும் மூன்று நிதியாண்டு வரை அந்தத் திட்டம் ஓடலாம். மார்ச்சில் மிஞ்சிய பணத்தை 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, அதிலிருந்து செலவு செய்துகொண்டே போகலாம். அபராதம் இல்லை, பணம் எங்கேயும் பறிபோகாது. ஆக நீங்கள் கேட்க வேண்டியது "சம்பளம் தருவீர்களா" என்று அல்ல. "இதைத் தொடர் திட்டமாக இயக்குநர் குழுவில் வைக்க முடியுமா" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதுமே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். விஷயம் தெரிந்த ஆள் என்று புரிந்துவிடும்.

நேரமும் முக்கியம். ஏப்ரல், மே மாதங்களில்தான் அந்த வருஷத்துத் திட்டம் கம்பெனியின் சி.எஸ்.ஆர். கமிட்டிக்குப் போகும். அப்போது போய் நின்றால் பேச இடம் இருக்கும். ஜனவரிக்கு மேல் போனால் கிடைப்பது மிச்சப் பணம், மிச்சப் பணம் பொருளாகத்தான் வரும்.

பொருளாக வந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வறண்ட பகுதி ஊர் ஒன்றுக்கு ஆய்வுக்குப் போனபோது பார்த்தது. ஒரு கம்பெனி போட்டுக் கொடுத்த ஆர்.ஓ. தண்ணீர் நிலையம். நீல நிற ஷெட், கிரானைட் கல்வெட்டில் திறந்து வைத்தவர்கள் பெயர் வரிசையாக. கதவில் பூட்டு. மெம்பிரேன் (தண்ணீரை வடிகட்டும் சவ்வு) அடைத்துப்போய் எட்டு மாதமாம், மாற்றக் காசு இல்லை, மாதாமாதம் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லை. ஷெட்டைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளம் மட்டும் நன்றாகப் பயன்பட்டது, அங்கே இரண்டு பெண்கள் வடகம் காயப் போட்டிருந்தார்கள். ரிப்போர்ட்டில் அந்த நிலையம் 'செயல்பாட்டில்' என்றுதான் இருந்தது, திறப்பு விழாப் படத்தோடு.

உங்கள் ஸ்மார்ட் போர்டுக்கும் அதேதான். சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கிய சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள விதி இடம் தராது. உங்கள் டிரஸ்ட் பெயருக்குத்தான் வரும். அப்புறம் யூபிஎஸ் பேட்டரி செத்தாலும், மண்டபத்தில் திருடு போனாலும், உங்கள் தலையில்தான்.

ஒரு கேள்விக்கு இப்போதே பதில் தயார் செய்யுங்கள். கமிட்டியில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அரசாங்கமே இல்லம் தேடிக் கல்வி கொண்டுவந்ததே, இது எதற்கு?" 2021-ல் தொடங்கிய மாலை வகுப்புத் திட்டம் அது, தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் என்று கொடுத்தார்கள். அரசு பள்ளிகளில் எண்ணும் எழுத்தும் திட்டமும் உண்டு. இவற்றைக் குறைசொல்லி எழுதாதீர்கள், கமிட்டிக்குப் பிடிக்காது, உண்மையும் அல்ல. மிளகாய் சீசனில் பள்ளிக்கு வராத பிள்ளையைப் பிடித்து வைப்பது உங்கள் வேலை என்று எழுதுங்கள். அதை வேறு யாரும் செய்யவில்லை. ஜூன் மாதம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏசர் வாசிப்புச் சோதனை வையுங்கள். எழுத்து, சொல், பத்தி, கதை, அவ்வளவுதான், ஒரு பிள்ளைக்கு ஐந்து பத்து நிமிஷம். 2005-லிருந்து நாடு முழுக்கக் கிராமங்களில் பயன்படுத்துகிறார்கள், தமிழிலேயே இருக்கிறது. மார்ச்சில் திரும்ப வையுங்கள். அந்த ஒரு தாள் முப்பது டேப்லெட்டைவிடப் பேசும்.

இன்னொன்று, உங்கள் மாவட்டம். தொழிற்சாலை இருக்கிற இடத்துக்குத்தான் கம்பெனிகள் முன்னுரிமை தர வேண்டும் என்று பிரிவு 135 சொல்வதால், ஸ்ரீபெரும்புதூர், ஓசூர் பக்கம் பணம் குவியும், முதுகுளத்தூருக்கு யார் வருவார்கள்? ஆனால் அது வழிகாட்டுதல்தான், கட்டாயம் இல்லை என்று அதே சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறார்கள். மேலும், 2018-ல் மத்திய அரசு அறிவித்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இரண்டுதான்: ராமநாதபுரம், விருதுநகர். புரபோசலின் முதல் பத்தியிலேயே இதைப் போடுங்கள். கம்பெனியின் ஆண்டறிக்கையில் எழுத நல்ல வரி, அவர்களுக்கும் வேண்டும்.

உங்கள் பட்ஜெட்டை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

---

மிளகாய்க்காட்டு டீச்சர் எழுதியது:

சார், தை கடைசியில்தான் வந்தார்கள். எப்படிச் சரியாகச் சொன்னீர்கள்!

தம்பி (ஆடிட்டர் ஆபீஸ்), 12ஏ, 80ஜி இருக்கிறது. தர்பனும் எடுத்துவிட்டோம். சி.எஸ்.ஆர்.-1 இல்லை, இந்த வாரமே பார்க்கிறேன்.

ஆசைப்படி ஒரு வருஷத்துக்குப் போட்ட கணக்கு இது. அக்காக்களுக்கு மாதம் 4,000 வீதம் ஆறு பேருக்கு 2,88,000. எல்லா மையத்தையும் சுற்றிப் பார்க்க ஒரு ஒருங்கிணைப்பாளர், மாதம் 15,000, ஆக 1,80,000. நோட்டு, சாக்பீஸ், சார்ட் எல்லாம் மையத்துக்கு 10,000 வீதம் 60,000. சாயந்திரம் சுண்டல் ஒரு பிள்ளைக்கு 6 ரூபாய், 150 பிள்ளைகள், 220 நாள், 1,98,000. ஒருங்கிணைப்பாளர் வண்டிக்குப் பெட்ரோல் 36,000. மொத்தம் 7,62,000.

ஆபீஸ் வாடகை, கணக்கு எழுதுகிறவர், ஆடிட் ஃபீஸ் எதையும் சேர்க்கவில்லை. அதையும் கேட்டால் முகம் சுளிப்பார்களோ என்று விட்டுவிட்டேன். என் பென்ஷனிலிருந்துதான் இப்போது போகிறது.

---

சித்தேரி மலையான் எழுதியது:

டீச்சரம்மா, குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கணும். தர்மபுரி பக்கம் மலைக் கிராமங்களில் சின்னச் சங்கம் நடத்துகிறவன் நான். கிராண்ட் ஆபீசர் சொல்வதெல்லாம் சட்டப்படி சரியாகவே இருக்கட்டும். என் கேள்வி வேறு: மூன்று வருஷம் கழித்து அந்தக் கம்பெனியின் மேலாளர் மாறினால்? லாபம் குறைந்தால்? 2,000 வாங்கிய பெண்ணுக்கு 4,000 கொடுத்துப் பழக்கிவிட்டு, மறுபடி 2,000-க்கு இறக்க முடியுமா?

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். முன்பெல்லாம் சென்னை, பெங்களூரில் இருக்கும் பெரிய தொண்டு நிறுவனம் வெளிநாட்டுப் பணம் வாங்கும், அதில் ஒரு பங்கை எங்களைப் போன்ற சின்னவர்களுக்குப் பிரித்துத் தரும். அவர்கள் இங்கிலீஷில் ரிப்போர்ட் எழுதுவார்கள், நாங்கள் வேலை செய்வோம். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தி, வாங்கியவர் வேறு யாருக்கும் மாற்றித் தரக் கூடாது என்று போட்டுவிட்டார்கள். நாங்களே நேரடியாகப் பதிவு வாங்கலாம் என்றால், மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டுமாம். எங்களுக்கு எங்கே போக? ஒரே வருஷத்தில் வாய்க்கால் வறண்ட மாதிரி ஆகிவிட்டது. எங்களைச் சுற்றி இருந்த சின்னச் சங்கங்களில் பாதி பலகையைக் கழற்றிவிட்டன.

நாங்கள் தப்பித்தது ஊர்க்காரர்களால்தான். பெங்களூரில் கட்டட வேலை செய்கிற எங்கள் மலைப் பையன்கள் மாதம் 100, 200 என்று ஜீபேயில் போடுகிறார்கள். உங்கள் சீமையில் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா போனவர்கள் இல்லாத ஊர் உண்டா? அவர்களைக் கேளுங்கள். ஊர்ப் பணம் என்றால் அக்காவுக்குச் சம்பளம் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவள் யார் வீட்டுப் பெண் என்று அவர்களுக்குத் தெரியும்.

---

ஆடிட்டர் ஆபீஸ் பையன் எழுதியது:

சித்தேரி அண்ணன் சொன்னதுல ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுல இருக்கறவரோட பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டா இருந்தா, அவர் சொந்தச் சம்பாத்தியத்துல இருந்து முறையா பேங்க் மூலமா அனுப்பினா, அது வெளிநாட்டு நிதி ஆகாது, தாராளமா வாங்கலாம். ஆனா சிங்கப்பூர் குடியுரிமையோ மலேசியக் குடியுரிமையோ வாங்கிட்டவர் அனுப்பினா அது வெளிநாட்டு நிதிதான், ஓ.சி.ஐ. கார்டு (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தர்ற அட்டை) வெச்சிருந்தாலும் சரி, உங்க மாமா பையனா இருந்தாலும் சரி. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதிச் சட்டம்) பதிவு இல்லாம ஒரு ரூபா கூட வாங்கக் கூடாது. பணம் வாங்கறதுக்கு முன்னாடியே பாஸ்போர்ட் முதல் பக்க நகல் வாங்கி ஃபைல் பண்ணிடுங்க. கேக்கச் சங்கடமாத்தான் இருக்கும்.

80ஜி ரசீது வேணும்கறவங்க 2,000-க்கு மேல ரொக்கமா கொடுத்தா வரிச்சலுகை கிடைக்காதுன்னும் சொல்லிடுங்க.

---

பழைய கிராண்ட் ஆபீசர் எழுதியது:

சித்தேரி நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. மூன்று வருஷத்துக்குப் பிறகு என்ன என்று கேட்காத கமிட்டி இல்லை. "நிலைத்தன்மை" என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்வார்கள், எல்லோரும் ஏதோ கதை எழுதுவார்கள். முதுகுளத்தூர் கிராமத்து மாலை வகுப்பு எந்தக் காலத்தில் சொந்தக் காலில் நிற்கும்? அரசுப் பள்ளியே சொந்தக் காலில் நிற்பதில்லை, வரிப்பணத்தில்தான் நிற்கிறது. ஆனாலும் ஊர்ப் பணமும் கம்பெனிப் பணமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நான் நினைக்கவில்லை. எதை எதற்குக் கேட்பது என்பதுதான் சாமர்த்தியம்.

டீச்சர், உங்கள் பட்ஜெட்டில் நீங்கள் வெட்கப்பட்டு விட்டதைத்தான் முதலில் சேர்க்கச் சொல்வேன். வாடகை மாதம் 3,000 என்றால் 36,000, கணக்கருக்கு மாதம் 5,000 என்றால் 60,000, ஆடிட் 25,000. ஆக 1,21,000. இதை உங்கள் பென்ஷனிலிருந்து கொடுப்பது தர்மம்தான், ஆனால் திட்டத்தின் உண்மையான விலையை அது மறைத்துவிடுகிறது. உங்களுக்குப் பிறகு வருகிறவருக்குப் பென்ஷன் இருக்கும் என்று என்ன நிச்சயம்? இந்த வகைச் செலவைத் தராமல் அமைப்புகளை வற்ற வைக்கிறோம் என்ற பேச்சு கொடுப்பவர்கள் மத்தியிலேயே இப்போது இருக்கிறது. 2021-ல் எடல்கிவ் அறக்கட்டளை 'குரோ ஃபண்ட்' என்று 100 கோடி ரூபாயில் தொடங்கிய நிதி, 100 அமைப்புகளுக்கு இரண்டு வருஷம் இந்த மாதிரி உள்கட்டமைப்புக்காகவே கொடுப்பதற்கு என்று வந்ததுதான்.

சுண்டலைக் கம்பெனி பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். 1,98,000 ரூபாய் ஊர்ப் பணமாக வரட்டும். சுண்டலுக்குக் கேட்டால் கொடுக்காத தமிழன் இல்லை. பிறந்தநாள், திதி, கல்யாண நாள் என்று ஆளுக்கு ஒரு நாள். ஒரு நாளைக்கு ஆறு மையத்துக்கும் 900 ரூபாய்தான். சிங்கப்பூர்த் தம்பிக்கு அது பெரிய தொகை இல்லை, அவன் ஊர் மையத்துக்கு மட்டும் என்றால் 150 ரூபாய், பெங்களூர்க் கொத்தனாரும் போட முடியும். பலகையில் அன்றைக்கு யார் சுண்டல் என்று அக்கா சாக்பீஸில் எழுதிப் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டால் அடுத்த வருஷம் கேட்காமலே வரும். கமிட்டியின் 'நிலைத்தன்மை' பக்கத்துக்கும் இதுவே விடை: செலவில் ஒரு பகுதியை ஊரே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று ரசீதோடு காட்டலாம்.

மிச்சம் கம்பெனிக்கு. அக்காக்கள், ஒருங்கிணைப்பாளர், நோட்டு, பெட்ரோல் சேர்ந்து 5,64,000. மேலே 1,21,000. அப்புறம் அவர்களுக்குப் படம் எடுக்க ஏதாவது வேண்டுமல்லவா, அதையும் நாமே யோசித்துக் கொடுத்துவிட வேண்டும். மையத்துக்கு ஒரு டிரங்குப் பெட்டி, உள்ளே கதைப் புத்தகங்கள், தூக்கிப்போகிற வெள்ளைப் பலகை ஒன்று, சார்ஜ் லைட் இரண்டு. மையத்துக்கு 15,000 என்று 90,000. பெட்டி மூடியில் கம்பெனி லோகோவைப் பெரிதாகவே ஒட்டுங்கள், எனக்கு அதில் ஆட்சேபணை இல்லை. மார்ச்சுக்குள் காட்டுவதற்கு ஒரு பில்லும் ஆயிற்று. மொத்தம் 7,75,000. அவர்கள் சொன்ன 8 லட்சத்துக்கு உள்ளேயே. சுவரும் தேவையில்லை, மண்டபத்துக்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

'சம்பளம்' என்று தலைப்புப் போடாதீர்கள். "கற்பித்தல்: ஆறு மையங்கள், ஆறு பயிற்றுநர்கள், மதிப்பூதியம்" என்று முதல் வரியாக வரட்டும், பக்கத்திலேயே பிள்ளைகளின் எண்ணிக்கை. இது ஏமாற்று இல்லை. ஃபைனான்ஸ்காரர் கண் தலைப்பில்தான் நிற்கும், எனக்குத் தெரியும். இரண்டாம் வருஷத்துக்கு 4,500 என்று இப்போதே போட்டுவிடுங்கள், நடுவில் போய்க் கேட்டால் கிடைக்காது.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியது இரண்டுதான். முதல் தவணை முன்பணமாக வர வேண்டும், செலவு செய்துவிட்டுப் பில் கொடுத்தால் தருகிறோம் என்றால் உங்களால் தாங்க முடியாது. அடுத்து, ரிப்போர்ட் கொடுத்தபின் எத்தனை நாளில் அடுத்த தவணை என்று நாள் எழுதியிருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த இடத்தை வெறுமனே விட்டிருப்பார்கள், இரண்டு மாதம் தாமதமானால் அக்காக்கள் வீட்டில்தான் அடி விழும்.

பெரிய அறக்கட்டளைகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டாடா டிரஸ்ட்ஸ், அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை மாதிரி இடங்களுக்கு மார்ச் 31 நெருக்கடி கம்பெனி அளவுக்குக் கிடையாது, பல வருஷத்துக்குச் சேர்த்து யோசிப்பார்கள், ஆள் சம்பளத்தைப் பற்றி இந்த அளவுக்கு வாதாட வேண்டியிருக்காது. ஆனால் 8 லட்ச ரூபாய்த் திட்டம் அவர்களுக்குச் சிறியது, உங்கள் ஃபைலைப் படிக்கிற செலவே அதில் பாதி ஆகிவிடும். அதனால் இப்போதைக்கு இந்தக் கம்பெனியை விடாதீர்கள். இரண்டு வருஷ வாசிப்புச் சோதனைத் தாள் கையில் சேர்ந்தபிறகு அங்கே எழுதலாம்.

ஏப்ரல் 10 தாண்டியதும் அந்த அதிகாரிக்குப் போன் போடுங்கள். அதற்கு முன் யூசி வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார்.

---

மிளகாய்க்காட்டு டீச்சர் எழுதியது:

சார், இதை அப்படியே நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டேன். சித்தேரி தம்பி சொன்னதையும் டிரஸ்டி கூட்டத்தில் வைக்கிறேன். சுண்டல் யோசனை எங்கள் அக்காக்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. முதல் நாள் யார் பெயரை எழுதுவது என்று இப்போதே வாய்ச்சண்டை.

ஒரு சந்தேகம். டேப்லெட் ஏற்கெனவே ஆர்டர் போட்டாயிற்று, பத்து டேப்லெட்டையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று நேற்று அந்த ஆபீசர் மெசேஜ் அனுப்பியிருக்கிறார். வாங்கிக்கொண்டால் 8 லட்சத்தில் கழித்துவிடுவார்களா?

---

பழைய கிராண்ட் ஆபீசர் எழுதியது:

கழிப்பார்கள். அந்தப் பத்தை டிரஸ்ட் பெயரில் வாங்காமல், பக்கத்து அரசு நடுநிலைப்பள்ளிக்கு நேரடியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகக் கம்பெனிகள் அரசுப் பள்ளிகளுக்குக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது, அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அது இந்த வருஷக் கணக்கில் போகட்டும். உங்களுடையது ஏப்ரலில் தொடங்குகிற புதுத் திட்டம், இரண்டும் வேறு வேறு என்று மெசேஜிலேயே எழுத்துமூலம் பதில் போட்டுவிடுங்கள்.